அமெரிக்க எழுத்தாளர்களின் கையெழுத்துப் படிகளை இங்கிருந்தே ஆராய முடியுமா?

கல்லிடைக்குறிச்சிக்காரி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டே பகுதிநேரமாக முனைவர் பட்ட ஆய்வு செய்துவருகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சனின் கடிதங்களையும் கையெழுத்துப் படிகளையும் தலைப்பாக எடுத்திருக்கிறேன். ஆய்வுக் குழு கூடும்போதெல்லாம் இரண்டு பக்கமும் இடி விழுகிறது. ஒருவர், "அச்சிட்ட தொகுப்பு கையில் இருக்கும்போது கிறுக்கல் தாள்களைப் பார்த்து என்ன கண்டுவிடப் போகிறீர்கள்?" என்கிறார். மற்றவர், "மூலத்தைக் கண்ணால் பார்க்காமல் மூலத்தைப் பற்றி எழுதலாகாது, அமெரிக்காவுக்குப் போக வழியில்லையென்றால் தலைப்பை மாற்றுங்கள்" என்கிறார்.

இணையத்தில் படங்கள் கிடைக்கின்றன என்பது தெரியும், பார்த்தும் வருகிறேன். அந்தப் படங்களை மட்டும் நம்பி ஓர் ஆய்வேட்டை எழுதினால் அது நிற்குமா? டிக்கின்சனை விட்டுவிட்டு தோரோ, விட்மன், ஹாதோர்ன் என்று வேறொருவரிடம் போவது எளிதாக இருக்குமா? இந்தத் துறையில் பழகியவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாவேன்.

பாளை வாத்தியார் எழுதியது:

அம்மா, தலைப்பை மாற்ற வேண்டாம். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க எழுத்தாளர்களில், அச்சுப் புத்தகத்தைக் கொண்டு மட்டும் படித்தால் பாதிக்கு மேல் இழந்துவிடக்கூடியவர் யார் என்று என்னைக் கேட்டால் முதலில் டிக்கின்சன் பெயரைத்தான் சொல்வேன். அவர் 1886இல் இறந்தபோது அச்சேறியிருந்தவை பத்துக் கவிதைகள் அளவுக்கே. எஞ்சியவற்றைத் தங்கை லவினியா கண்டெடுத்தார். 1998இல் பிராங்ளின் வெளியிட்ட பதிப்பில் எண்ணிக்கை 1,789. அதாவது கவிஞர் தாமே பார்த்துச் சரியென்று சொன்ன அச்சுப்படி என்று ஏறக்குறைய ஒன்றுமே கிடையாது; நாம் அச்சில் பார்ப்பதெல்லாம் பதிப்பாசிரியர்களின் முடிவு. ஒரு சொல்லுக்கு மேல் சிறு கூட்டல் குறியிட்டுத் தாளின் அடியில் மாற்றுச் சொற்களை எழுதிவைப்பது அவர் வழக்கம். எந்தச் சொல்லைக் கொள்வது என்று அவர் பல இடங்களில் முடிவே செய்யவில்லை. 1890இல் முதல் தொகுப்பைக் கொண்டுவந்த மேபல் லூமிஸ் டாடும், எமிலி கடிதம் எழுதிவந்த எழுத்தாளர் ஹிக்கின்சனும் தாமாகவே ஒன்றைத் தேர்ந்தார்கள், தலைப்புகள் சூட்டினார்கள், எதுகையையும் நிறுத்தக்குறிகளையும் சீர்செய்தார்கள். முதலாமவர் கேட்ட கேள்விக்கு இதுவே பதில்.

படிகள் ஏன் இரண்டு இடங்களில் கிடக்கின்றன என்பதை ஆய்வேட்டின் முதல் இயலிலேயே எழுதிவிடுங்கள். வரப்புத் தகராறில் பங்காளிகள் மூன்று தலைமுறை பேசாமல் இருப்பதைப் பார்த்து வளர்ந்த நம்மூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. எமிலியின் அண்ணன் ஆஸ்டினுக்கும் மேபல் டாடுக்கும் உறவு இருந்தது. ஆஸ்டினின் மனைவி சூசனோ எமிலியின் உயிர்த்தோழி, பக்கத்து வீட்டுக்காரர், ஏறத்தாழ 250 கவிதைகளை அவர் கையிலிருந்தே பெற்றவர். ஆஸ்டின் 1895இல் இறந்தபின், அவர் விருப்பப்படி மேபலுக்குக் கொடுத்த ஒரு துண்டு நிலத்தின் பத்திரத்தை எதிர்த்து லவினியா வழக்குத் தொடுத்து 1898இல் வென்றார். மேபல் அத்தோடு தம்மிடமிருந்த கையெழுத்துப் படிகளைக் கற்பூரமரப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டார். பெட்டி திறந்தது 1929இல். அந்தப் பங்கை மேபலின் மகள் 1956இல் எமிலியின் சொந்த ஊரான ஆம்ஹர்ஸ்டில் உள்ள ஆம்ஹர்ஸ்ட் கல்லூரிக்குக் கொடுத்தார். சூசனின் மகள் வழியாக வந்த பங்கு 1950இல் ஹார்வர்டின் ஹூட்டன் நூலகத்துக்குப் போனது. ஒரே கவிஞரின் தாள்கள் இரண்டு ஊர்களில், இரண்டு வகை எண்களோடு, இரண்டு வகை அனுமதி விதிகளோடு இன்றும் இருப்பதற்குக் காரணம் அந்த ஒரு துண்டு நிலம்தான் என்று சொன்னால் மிகையாகாது.

இதனால்தான் என் மாணவர்களிடம், கடிதத்தைப் படிக்குமுன் அது யார் யார் கை மாறி வந்தது என்பதைப் படியுங்கள் என்று சொல்வேன். லவினியா, அக்கா கேட்டுக்கொண்டபடி, அக்காவுக்கு வந்த கடிதங்களை எரித்துவிட்டார். எனவே நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு பக்கத்துப் பேச்சு. சூசனைப் பற்றிய ஒரு கவிதையின் மேல், கைப்படியில், யாரோ வரிவரியாக மை பூசி அடித்திருக்கிறார்கள். அச்சில் அந்தக் கவிதை சுத்தமாக இருக்கும். அடித்த கை தெரியாது. படத்தில் தெரியும்.

இன்னொன்றையும் பாருங்கள். சிலந்தியைப் பற்றிய ஒரு கவிதை ஆம்ஹர்ஸ்டில் இருக்கிறது. தாளின் நடுவில் ரயில் என்ஜின் படம் போட்ட, 1869இல் வெளிவந்த மூன்று சென்ட் அஞ்சல்தலையை ஒட்டி, அதனோடு ஒரு பத்திரிகையிலிருந்து கத்தரித்த இரண்டு சிறு கீற்றுகளையும் சேர்த்திருக்கிறார். ஒரு கீற்றில் ஜார்ஜ் சாண்ட் என்ற பெயர். மற்றதில் அவருடைய நாவலின் பெயர். அஞ்சல்தலை முத்திரை குத்தப்படாதது. அதைச் சுற்றி வளைத்து வரிகள் ஓடுகின்றன. கீற்றுகள் சிலந்தியின் கால்களா, அனுப்பாத கடிதமா, வெறும் விளையாட்டா என்று அறிஞர்கள் இன்னமும் வாதாடுகிறார்கள். அச்சுப் புத்தகத்தில் அஞ்சல்தலைக்கு இடமேது?

ஒரே ஒரு யோசனை: கடிதங்கள் முழுவதையும் எடுக்காதீர்கள். 1958இல் வந்த தொகுப்பிலேயே 1,049 இருந்தன. 2024இல் வந்த புதிய பதிப்பில் 1,304. ஒருவருக்கு எழுதியவற்றை மட்டும் எடுங்கள். ஹிக்கின்சனுக்கு எழுதியவை பாஸ்டன் பொது நூலகத்தில் இருக்கின்றன, படங்களும் கிடைக்கின்றன. 1862 ஏப்ரல் 15 தேதியிட்ட முதல் கடிதத்தில் கையொப்பம் இல்லை. பெயரை ஒரு சீட்டில் பென்சிலால் எழுதி, அதைத் தனியாக ஒரு சின்ன உறைக்குள் போட்டு, அந்த உறையைக் கடித உறைக்குள் வைத்திருந்தார். உறைக்குள் உறை என்ற அந்த ஒரு செயலை வைத்தே ஓர் இயல் எழுதலாம்.

ஏட்டுக்கட்டு எழுதியது:

பேராசிரியர் ஐயாவுக்கு வணக்கம். நான் நூலகத் துறையில் பணியாற்றுகிறவன் என்பதால், "வேறொருவரிடம் போகலாமா" என்று சகோதரி கேட்டதற்குச் சேகரிப்புகளின் நிலையிலிருந்து சில செய்திகளைச் சொல்கிறேன்.

இணையத்தில் மிக எளிதாகக் கிடைப்பவர் விட்மன்தான். அவருக்கான ஆவணத் தளம் 1995 முதல் நடக்கிறது; கட்டணம் இல்லை; கடிதங்கள், குறிப்பேடுகள், அவருடைய 'லீவ்ஸ் ஆஃப் கிராஸ்' கவிதை நூலின் ஒவ்வொரு பதிப்பின் பக்கப் படங்கள் எல்லாம் உண்டு. சிந்தனையாளர் எமர்சன் அவருக்கு 1855 ஜூலை 21இல் எழுதிய பாராட்டுக் கடிதம் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கிறது. அதை விட்மன் எழுதியவரைக் கேட்காமலே நாளிதழில் வெளியிட்டதும், 1856 பதிப்பின் முதுகில் அதிலிருந்து ஒரு வரியைப் பொன்னெழுத்தில் பொறித்துக்கொண்டதும் தெரிந்த கதை. தன்னை விற்கத் தெரிந்தவர்! அதே நூலகத்திலிருந்து இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பாதுகாப்புக்காக வேறிடம் அனுப்பப்பட்டவற்றில் அவருடைய பத்துக் குறிப்பேடுகள் காணாமற்போயின. 1995இல் நான்கு திரும்பி வந்தன. எனவே விட்மனிலும் இடைவெளி இருக்கிறது; ஆனால் எங்கே இடைவெளி என்பதைத் தளமே சொல்லிவிடும்.

தோரோவின் நாட்குறிப்புகளில் பெரும்பகுதி நியூயார்க்கின் மோர்கன் நூலகத்தில் இருக்கிறது. வால்டன் நூலின் கையெழுத்துப் படி கலிபோர்னியாவின் ஹன்டிங்டன் நூலகத்தில். அதில் ஏழு வரைவுகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கலந்து கிடப்பதை ஷான்லி என்ற அறிஞர் பிரித்துக்காட்டி 1957இல் நூலாக்கினார். தோரோவிடம் ஒரு கொடுமை நடந்தது. 1906இல் அவர் எழுத்துகள் 20 தொகுதிகளாக வந்தபோது, 600 படிகள் கொண்ட சிறப்புப் பதிப்பின் ஒவ்வொரு படியிலும் அவருடைய அசல் கையெழுத்துத் தாள் ஒன்றைச் செருகி விற்றார்கள். பதிப்பகத்துக்கு அது நல்ல வியாபாரம். ஆய்வாளனுக்கு 600 வீடுகளில் தேட வேண்டிய வேலை. நம் கரிவலம்வந்தநல்லூர்க் கோயில் ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தில் இட்டுவிட்டார்கள் என்று கேட்டு உ.வே.சாமிநாதையர் மனம் உடைந்ததைப் படித்தவர்களுக்கு, அழிப்பதற்குத் தீ மட்டுந்தான் வேண்டும் என்பதில்லை என்று இதைப் பார்த்தால் தோன்றும்.

ஹாதோர்ன் பக்கம் போவதற்கு முன் யோசியுங்கள். 1853இல் லிவர்பூலுக்குத் தூதராகப் புறப்படுமுன், மனைவி சோபியா திருமணத்துக்கு முன் தமக்கு எழுதிய நூற்றுக்கணக்கான கடிதங்களை அவரே எரித்துவிட்டார். அவர் இறந்தபின் சோபியா அவருடைய குறிப்பேடுகளை அச்சுக்குக் கொடுக்கும்போது தமக்கு ஒவ்வாதவற்றை நீக்கினார். மெல்வில் அவருக்கு எழுதிய கடிதங்களில் பல, ஹாதோர்னின் பிள்ளைகள் வெளியிட்ட நூல்களின் வழியாகவே நமக்குத் தெரியவருகின்றன. ஹாதோர்ன் எழுதிய பதில்களோ பெரும்பாலும் இல்லை. இல்லாததைப் பற்றி எழுதும் துணிவு இருந்தால் நல்ல தலைப்பு. பகுதிநேர ஆய்வுக்கு உகந்ததன்று.

செயல்முறை பற்றி இரண்டு வார்த்தை. பெரிய நூலகங்கள் ஒவ்வொரு சேகரிப்புக்கும் விவரப் பட்டியல் ஒன்றை இணையத்தில் வைத்திருக்கும்: எத்தனை பெட்டி, எந்தக் கோப்பில் எந்தக் கடிதம், யாரிடமிருந்து எந்த ஆண்டு வந்தது என்று. படத்தைத் திறக்குமுன் அதைப் படியுங்கள். மேற்கோள் காட்டும்போது இணைய முகவரியோடு நிறுத்தாமல் நூலகத்தின் பெயரையும் அந்தத் தாளுக்கு அவர்கள் தந்திருக்கும் எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். முகவரி மாறும், எண் மாறாது. நூலகருக்கு மின்னஞ்சல் எழுதத் தயங்காதீர்கள், எண்ணைக் குறிப்பிட்டு, "இந்தத் தாளின் பின்பக்கம் வெறுமையா?" என்பதுபோல ஒரே கேள்வியாகக் கேட்டால் பதில் வரும். "டிக்கின்சன் பற்றி எல்லாம் அனுப்புங்கள்" என்றால் வராது. ஆய்வேட்டை நூலாக்கும் எண்ணம் இருந்தால் உரிமையையும் பார்த்துக்கொள்ளுங்கள்: 1890களின் பதிப்புகள் பொதுவுடைமை, 1955, 1998 பதிப்புகளின் பாடத்துக்கு ஹார்வர்டு உரிமை கொண்டாடுகிறது.

சந்திப்பிள்ளையார் முக்கு எழுதியது:

அண்ணாச்சிமார் இருவரும் சொன்னதை மறுக்கவில்லை. ஆனாலும் அந்த இரண்டாவது ஆய்வுக்குழு உறுப்பினர் சொன்னதில் உண்மை இருக்கிறது என்பதை யாராவது பதிவுசெய்ய வேண்டும். டிக்கின்சன் தம் கவிதைகளைத் தாமே நூலால் தைத்து நாற்பது சிறு கட்டுகளாக வைத்திருந்தார். முதல் பதிப்பு வேலையின்போது அவற்றைப் பிரித்துவிட்டார்கள்; எந்தத் தாளுக்குப் பின் எந்தத் தாள் என்பதே கலைந்துபோயிற்று. பிராங்ளின் 1981இல் அவற்றை மீண்டும் வரிசைப்படுத்தியது எதை வைத்து? தாளில் இருந்த ஊசித்துளைகள், ஒரு தாளின் கறை அடுத்த தாளில் பதிந்த தடம், தாளின் நெளிவு, மடிப்பு. இவற்றையெல்லாம் திரையில் பார்த்து ஒருவர் செய்திருக்க முடியுமா? உறையைக் கிழித்துச் சிறு துண்டொன்றைக் குண்டூசியால் சேர்த்து எழுதிய கவிதையும் இருக்கிறது. பறவை சிறகை விரித்ததுபோலத் தெரியும். படத்தில் அது தட்டையாகக் கிடக்கிறது. அதை எழுதியவர் கையில் வைத்துத் திருப்பித் திருப்பி எழுதியிருக்கிறார், வரிகள் வெவ்வேறு திசையில் ஓடுகின்றன. படம் பார்த்து எழுதுகிறவர், தாம் பார்ப்பது படம் என்பதை ஆய்வேட்டில் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். அதைச் சொல்லாமல் தாளைத் தொட்டதுபோல எழுதுகிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

பாளை வாத்தியார் எழுதியது:

தம்பி சொல்வது நியாயம். தாளைத் தடவிப் பார்த்தால்தான் தீரும் கேள்விகள் உண்டு. அவற்றை இந்த ஆய்வேட்டில் எழுப்ப வேண்டாம், அவ்வளவுதான். ஆனால் தொட்டுப் பார்த்தால் எல்லாம் விளங்கிவிடும் என்றும் எண்ண வேண்டாம். 1997இல் டிக்கின்சனின் புதிய கவிதை ஒன்று ஏலத்துக்கு வந்தது. ஆம்ஹர்ஸ்ட் ஊரின் ஜோன்ஸ் நூலகம் நன்கொடை திரட்டி, இருபதாயிரம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. காலத்துக்கு ஏற்ற தாள், பென்சில் எழுத்து, 1870களின் தொடக்கத்துக்கு உரிய எழுத்து வடிவம் எல்லாம் பொருந்தியிருந்தன. கையில் எடுத்துப் பார்த்தவர்களும் ஐயப்படவில்லை. எழுதியவரோ மார்க் ஹாஃப்மன் என்ற போலி ஆவணக்காரர். அப்போது இரட்டைக் கொலைக்காகச் சிறையில் இருந்தார். உண்மை வெளிவந்தது மையைச் சோதித்ததால் என்பதைவிட, இந்தத் தாள் இதற்கு முன் யாரிடம் இருந்தது, அவருக்கு முன் யாரிடம் என்று அந்த நூலகத்தின் காப்பாளர் பின்னோக்கி விசாரித்துக்கொண்டே போனதால். நூலகம் பணத்தைத் திரும்பப் பெற்றது.

கைமாறிய வரலாற்றை விசாரிப்பதற்குத் தாள் கையில் இருக்க வேண்டியதில்லை. கல்லிடைக்குறிச்சியில் உட்கார்ந்தும் செய்யலாம்.

கல்லிடைக்குறிச்சிக்காரி எழுதியது:

ஐயாவுக்கும் அண்ணன்மாருக்கும் மிக்க நன்றி. ஹிக்கின்சனுக்கு எழுதிய கடிதங்களோடு நிறுத்திக்கொள்வதென்று முடிவு செய்துவிட்டேன். பார்ப்பது படம் என்பதை முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறேன். இன்னும் ஓர் ஐயம்: தேதி இல்லாத கடிதங்களைக் கையெழுத்தைக் கொண்டே இந்த ஆண்டு என்று பதிப்பாசிரியர்கள் சொல்கிறார்களே, அதை நான் எந்த அளவுக்கு நம்பலாம்?

ஏட்டுக்கட்டு எழுதியது:

ஐந்தாறு ஆண்டு முன்பின்னாக நம்பலாம்; மாதக் கணக்கில் நம்ப வேண்டாம். 1850களின் தொடக்கத்தில் அவர் எழுத்து சிறியது, சொல்லுக்குள் எழுத்துகள் கோத்தபடி ஓடும். ஆண்டு செல்லச் செல்ல எழுத்துகள் பெரிதாகி ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. 1870களின் பிற்பகுதியில் ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக நிற்கும். ஆம்ஹர்ஸ்ட் ஊர்க் கல்லூரி அருங்காட்சியகத்தில் இருக்கும் பறவைக் காலடிப் புதைபடிவங்களைப் பார்த்து எழுதக் கற்றவர்போல் இருக்கிறது என்று ஹிக்கின்சனே எழுதியிருக்கிறார். தேதி உறுதியாகத் தெரிந்த கடிதங்களின் படங்களை ஆண்டு வரிசையில் வைத்துக்கொண்டு, ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் சின்னச் சொற்களை மட்டும் ஒவ்வொன்றிலும் ஒப்பிட்டுப் பாருங்கள். அவர்கள் செய்ததும் இதுதான். நல்ல தாளில் மையால் எழுதிய கடிதத்தையும் பென்சில் வரைவையும் ஒரே தட்டில் வைத்து ஒப்பிடாதீர்கள். அவசரமாக எழுதும் கை வேறு.

சந்திப்பிள்ளையார் முக்கு எழுதியது:

தலைப்பை விட்டு விலகாமல் ஒன்று சொல்கிறேன். டிக்கின்சனின் படிகளில் ஒரு பாதியும், எமர்சனின் நாட்குறிப்புகளும், மெல்வில் முடிக்காமல் விட்டுப்போன பில்லி பட் கதையின் கையெழுத்துப் படியும் இருக்கும் அதே ஹூட்டன் நூலகத்தில்தான், 1834 முதல் மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மிஷனாரிகள் பாஸ்டனில் இருந்த தங்கள் தலைமைச் சங்கத்துக்கு எழுதிய கடிதங்களும் இருக்கின்றன. நம் திருநெல்வேலிப் பக்கம் பணியாற்றிய ரேனியஸ், கால்டுவெல் போன்றோர் இங்கிலாந்துச் சங்கங்களைச் சேர்ந்தவர்கள் என்பதால் அவர்கள் தாள்களை அங்கே தேட வேண்டும். மதுரைக்காரர்களின் தாள்கள் அமெரிக்காவில். இரண்டும் வேறு வேறு உலகம் என்று நினைக்க வேண்டியதில்லை. டிக்கின்சனின் பள்ளித்தோழி அபி வுட், டேனியல் பிளிஸ் என்பவரை மணந்து, இதே சங்கத்தின் ஊழியராக 1855இல் லெபனான் பக்கம் போனவர். அந்தக் காலத்து ஆம்ஹர்ஸ்டில் பெட்டி கட்டிக்கொண்டு கீழ்நாடுகளுக்குக் கப்பலேறுவது கேள்விப்படாத செய்தியன்று.

எனவே ஹூட்டன் நூலகத்துக்கு மின்னஞ்சல் எழுதும்போது டிக்கின்சனோடு மதுரை மிஷன் கோப்புகளின் விவரப் பட்டியலையும் ஒருமுறை திறந்து பாருங்கள், தங்கச்சி. ஆங்கிலக் கையெழுத்துக்கு நடுவில் ஊர்ப்பெயர்களும் ஆட்பெயர்களும் வரும் அந்தக் கடிதங்களை, ஊரும் பேரும் தெரிந்த ஒருவர் படித்தால் அங்கிருப்பவர்கள் தவறவிட்டதையெல்லாம் பிடிக்கலாம். ஆய்வுக் குழுவில் பயண நல்கைக்கு விண்ணப்பிக்கும் நாள் வந்தால், ஒரே வாசிப்பறையில் இரண்டு வேலை என்று எழுதினால் கோப்பு சற்று வேகமாக நகரவும் கூடும்.